கண்ணாடி இல்லாமல் செய்யும் வேலை

ஜூன் 2, திங்கள்

முடிவு செய்துவிட்டேன். கண்ணுக்கு லேசர் செய்துகொள்ளப் போகிறேன். நாற்பத்திரண்டு வயதில் இப்படி ஓர் ஆசையா என்று யார் கேட்டாலும் கேட்கட்டும்.

காரணத்தை எழுதிவைக்கிறேன், பயம் வரும்போது எடுத்துப் படிக்க. நேற்று நீச்சல் குளத்தில் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கினேன். எதிர்முனையில் நீலத் தொப்பி போட்ட பிள்ளை ஒன்று கையசைத்தது. நானும் அசைத்தேன். அது குதித்தது, கைதட்டினேன். கால் மணி நேரம் ஒரே பாராட்டு மழை. பிறகு முதுகுக்குப் பின்னாலிருந்து என் மகளின் குரல்: "அம்மா, அது யாரு பொண்ணும்மா?"

அவளுக்கு, என் வாலுக்கு, பதினொரு வயது. வீட்டில் நாங்கள் இரண்டே பேர். அவள் கோபப்படவில்லை, சிரித்தாள். "பரவால்லம்மா, உனக்குத்தான் தெரியாதே" என்றாள். அந்தப் 'பரவால்ல'தான் எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறது.

ஜூன் 5, வியாழன்

கண் பரிசோதனை முடிந்தது. இரண்டு கண்ணிலும் மைனஸ் ஆறு. கருவிழி போதுமான தடிமனாம். டாக்டர் என்னைவிடச் சின்னப் பெண். நான் கேட்பதற்கு முன்பே அபாயங்களை அடுக்கினாள்: கண் வறண்டு போகலாம், விளக்கைச் சுற்றி வளையம் தெரியலாம், கொஞ்சம் பவர் மிஞ்சலாம், அபூர்வமாகக் கிருமி தொற்றிப் பார்வையே குறையலாம். "ரொம்ப அபூர்வம்தான். ஆனா வந்துச்சுன்னா உங்களுக்கு முழுசாத்தான் வரும்" என்றாள். பூசி மெழுகாமல் பேசியதால் பிடித்துவிட்டது.

பாரத்தில் ஒரு கேள்வி: 'கண்ணாடி இல்லாமல் நீங்கள் செய்யும் வேலைகள்?' கண்ணாடி இல்லாவிட்டால் எனக்குச் சுவரும் கதவும் ஒன்று. 'தூக்கம்' என்று எழுதிக் கொடுத்தேன். பதினான்காம் தேதி ஆபரேஷன்.

ஜூன் 6, வெள்ளி

இன்னும் எட்டு நாள். கால் தரையில் பாவவில்லை.

ஜூன் 9, திங்கள்

என்னை மாதிரி ஒரு மக்கு உண்டா?

நானும் அண்ணனும் சேர்ந்து நடத்தும் செல்போன் ரிப்பேர் கடை. அண்ணன் டிஸ்ப்ளே, பேட்டரி மாற்றுவான். உள்ளே இருக்கும் போர்டு என் பொறுப்பு. இன்று தண்ணீரில் விழுந்த போன் ஒன்று வந்தது. கண்ணாடியைத் தலைக்கு மேல் ஏற்றிவிட்டு, போர்டை மூக்குக்குப் பக்கத்தில் வைத்து, பாதிக் கடுகு அளவு சிப்பைச் சோல்டர் செய்துகொண்டிருந்தேன். இந்தத் தொழிலில் எல்லோரும் மைக்ரோஸ்கோப்பில் பார்த்துத்தான் இதைச் செய்வார்கள். எனக்குத் தேவைப்பட்டதில்லை. அண்ணன் வாங்கி வைத்த மைக்ரோஸ்கோப்பில் என் குடையைத்தான் மாட்டுவேன். அவன் அதில் குனியும்போதெல்லாம் "என்ன தாத்தா, கண்ணு போச்சா?" என்று வம்பிழுப்பேன்.

அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். "அந்தப் பாரத்துல என்ன எழுதிக் குடுத்த?"

"தூக்கம்னு."

"அப்ப இப்ப என்ன, தூங்கிக்கிட்டா இருக்க?"

இருபது வருடமாகக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத்தான் சம்பாதிக்கிறேன். அது ஒரு முறைகூடத் தோன்றவில்லையே. மானத்தை விட்டு மருத்துவமனைக்குப் போன் செய்தேன்.

ஜூன் 10, செவ்வாய்

டாக்டர் திட்டவில்லை. காண்டாக்ட் லென்ஸ் போட்டுவிட்டு, "ஆபரேஷனுக்கு அப்புறம் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். ஜன்னல் வழியாப் பாருங்க" என்றாள்.

பார்த்தேன். தெருவுக்கு அந்தப் பக்கம் மரம். அதில் இலை இலையாக இலை. மொட்டை மாடியில் ஒருவர் பல் தேய்த்துக்கொண்டிருந்தார், நுரைகூடத் தெரிந்தது. முகத்தில் பிரேம் இல்லை, மூக்கில் பாரம் இல்லை. சிரித்துக்கொண்டே இருந்தேன்.

பிறகு பையிலிருந்து ஒரு செத்த போர்டை எடுத்து, வழக்கம்போல் முக்கால் சாண் தூரத்தில் பிடித்தேன். ஒன்றுமே இல்லை. சாம்பல் பூசினாற்போல் ஒரு பச்சைத் தகடு. கையை நீட்டினால் தெளிகிறது, ஆனால் சிப்பெல்லாம் புள்ளி.

"இந்தப் பவர்தான் இத்தனை நாள் உங்களுக்குப் பூதக்கண்ணாடியா இருந்திருக்கு. அதை எடுத்தா எடுத்ததுதான், திரும்ப வராது. ஒரு கண்ணுல கொஞ்சம் மிச்சம் வெக்கலாம், ஆனா இவ்வளவு கிட்டத்துல தெரியாது. வேண்டாம்னு போறதும் ஒரு முடிவுதான்" என்றாள்.

ஜூன் 11, புதன்

"பவர் போட்ட நீச்சல் கண்ணாடி வாங்கிக்கோ, வேலை முடிஞ்சுது" என்கிறான் அண்ணன். குளம் மட்டுமா? வாலுக்குக் காய்ச்சல் வந்த அன்று, அவள் வாந்தி எடுக்கிற சத்தம் கேட்டும் கண்ணாடியைத் தடவித் தேடிக்கொண்டிருந்தேனே, அது? ஆனா இந்தக் கண்ணுதானே எங்க ரெண்டு பேருக்கும் சோறு போட்டுச்சு. அதுமேல போயி கைய வெக்கலாமா? வெச்சு, வேலை வராமப் போச்சுன்னா?

மதியம் அண்ணன் சாப்பிடப் போனதும், திருட்டுத்தனமாகக் குடையை எடுத்துவிட்டு மைக்ரோஸ்கோப்பின் முன் உட்கார்ந்தேன். கண்ணில் தெரிவது ஓரிடம், கை இருப்பது வேறிடம். இடது பக்கம் போகச் சொன்னால் கை வலதுக்குப் போனது. ஒரு பிளாஸ்டிக் கனெக்டரைக் கருக்கிவிட்டேன். நாற்றம் என்னைக் காட்டிக் கொடுத்தது.

அண்ணன் பின்னால் நின்றுகொண்டிருந்தான். 'தாத்தா' என்று வம்பிழுத்த கணக்கைத் தீர்க்கப் போகிறான் என்று காத்திருந்தேன். "கையப் பாக்காத, உள்ள தெரியறத மட்டும் பாரு" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "எனக்கும் பழக ஒரு மாசம் ஆச்சு" என்றான். இதை அவன் சொன்னதே இல்லை. நான்தான் சொல்ல விட்டதில்லை.

ஜூன் 13, வெள்ளி

இரண்டு நாளில் எட்டுப் பழைய போர்டுகளைப் பாழாக்கினேன். ஒன்பதாவது உருப்பட்டது.

பாரத்தைத் திருத்திக் கொடுத்தேன்: 'சோல்டரிங். இனிமேல் மைக்ரோஸ்கோப்பில்.' ஆபரேஷன் இரண்டு கண்ணிலும் தூரப் பார்வைக்கே. நாளைக்கு! கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை.

ஜூன் 14, சனி

எழுதுவது நான், மகள். அம்மா கண்ணைத் திறக்கக் கூடாதாம், சொல்லச் சொல்ல எழுதுகிறேன். பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. வலி இல்லை. முடி கருகிய வாசனை. அசையாமல் இருக்கச் சொன்னதும் மூக்கு அரித்தது. இப்போது வெங்காயம் உரித்த மாதிரி எரிகிறது. (அம்மா அழுவது எரிச்சலால்தானாம்.) சொட்டு மருந்தை மாமா தவறி அம்மாவின் உதட்டில் விட்டார். (என்னை இதில் 'வாலு' என்றா எழுதுகிறாய்? இரு, இரு.)

ஜூன் 15, ஞாயிறு

விழித்ததும் கை மேசையைத் தடவியது. பிறகுதான் புரிந்தது, சுவர்க் கடிகாரத்தில் ஆறு பத்து என்று நான் ஏற்கெனவே பார்த்துவிட்டேன். படுத்துக்கொண்டே! மேலே ஒட்டடை. கதவிடுக்கில் ஒட்டடை. இத்தனை அழுக்கிலா குடித்தனம் நடத்தினேன்? வாலு பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தாள். புருவத்தில் ஒரு சின்னத் தழும்பு. எப்போது வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. சந்தோஷத்தில் அவளை எழுப்பியே விட்டேன்.

ஜூன் 19, வியாழன்

கண்ணில் மணல். பொழுது சாய்ந்தால் தெருவிளக்குக்கெல்லாம் வளையம். வலது கண் மங்கல். தப்புப் பண்ணிட்டேனா? நல்லாத்தானே இருந்தேன்?

மாலை: டாக்டர் பார்த்தாள். வறட்சிதான். மணிக்கொரு முறை சொட்டு மருந்து, பொறுமை. சோல்டர் புகைப் பக்கமே இம்மாதம் போகக் கூடாது, குளம் ஒரு மாதத்துக்குப் பிறகு. வளையம் குறைய மாதங்கள் ஆகலாம், சிலருக்குக் கொஞ்சம் நின்றுவிடுமாம். இதைத்தான் முதல் நாளே சொன்னாள்.

ஜூலை 1, செவ்வாய்

கடை. முன்பு இருபது நிமிடத்தில் முடிக்கும் போர்டுக்கு ஒன்றரை மணி நேரம். கழுத்து பிடித்துக்கொண்டது. ஆனால் போன் உயிர் பெற்றது.

"என்ன பாட்டி, கண்ணு போச்சா?" என்றான் அண்ணன். இதற்காகவே எத்தனை நாள் காத்திருந்தானோ. குடைக்கு ஓர் ஆணி அடித்துக் கொடுத்திருக்கிறான்.

ஜூலை 20, ஞாயிறு

குளம். வளையம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது, பகலில் தொல்லையில்லை.

எதிர்முனையில் ஏழு நீலத் தொப்பிகள் வரிசையாக நின்றன. தோள்பட்டைப் பட்டி முறுக்கிக்கொண்டு, ஒரு காலால் மறுகாலைச் சொறிந்தபடி நிற்பதுதான் என்னுடையது. அவள் என் பக்கம் பார்த்தாள். கையைத் தூக்கவில்லை. தூக்கிப் பயனில்லை என்று எப்போதோ விட்டிருக்கிறாள்.

நான் கையசைத்தேன்.

அவள் திரும்பித் தன் பின்னால் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை. மறுபடி என்னைப் பார்த்தாள். மெதுவாக ஒரு விரலைத் தன் நெஞ்சில் வைத்துக் காட்டினாள்.

ஆமாம் என்று தலையாட்டினேன். பயிற்சியாளர் விசில் ஊதுவதற்குள் குதித்துவிட்டாள்.