அர்ச்சாலிக்குப் போன லாரிகள்

அக்டோபர் 6
குளிர்காலத்துக்கான உருளைக்கிழங்கை நிலவறையில் இறக்கி முடித்தேன். முதுகு நிமிர மாட்டேன் என்கிறது. மாலையில் தங்கை ஜிபெக் அர்ச்சாலியிலிருந்து போன் செய்தாள். அந்த மலையூருக்கு அவள் ஒருத்திதான் நர்ஸ். "அக்கா, இன்னும் தனியாத்தான் டீ குடிச்சிட்டு இருக்கியா? இங்க ஒரு ஆட்டுக்காரர் இருக்காரு. பெண்டாட்டி இல்ல, பாதிப் பல்லும் இல்ல. பேசி முடிச்சிரவா?" போனை வைத்த பிறகும் சிரித்துக்கொண்டிருந்தேன்.

அக்டோபர் 7
விடியுமுன் நிலநடுக்கம். இங்கே ஓஷ் நகரில் சுவர் விரிசல்களோடு போயிற்று. மலைப்பக்கம்தான் பலத்த அடி. ஜிபெக்குக்கு லைன் கிடைக்கவில்லை.

அக்டோபர் 8
நிவாரணக் கிடங்கில் எந்த லாரி எந்த ஊருக்கு, எதை ஏற்றிக்கொண்டு, எந்த வழியாகப் போக வேண்டும் என்று திட்டமிடுவது என் வேலை. இன்று இரண்டு ஊர்கள் என் முன்னால் இருந்தன. தார்-பெல் பெரிய ஊர், பள்ளத்தாக்கில் இருக்கிறது, சாலை திறந்திருக்கிறது. அர்ச்சாலி அதற்கும் மேலே. மண் சரிந்து சாலையை மூடிவிட்டது. கணவாய் வழியாகச் சுற்றிப் போகலாம், ஆனால் அப்படிப் போகும் லாரி லேசில் திரும்பாது. ஹெலிகாப்டரில் பார்த்து வந்தவர்கள் அர்ச்சாலியில் வீடுகள் விழுந்து கிடப்பதாகவும், ஜனங்கள் நெருப்பு மூட்டி வெட்டவெளியில் நிற்பதாகவும் சொன்னார்கள்.

எல்லா லாரிகளையும் தார்-பெல்லுக்கே அனுப்பினேன். சாலை சீரானதும் அர்ச்சாலி.

"உன் தங்கச்சி அங்கதானேம்மா இருக்கா?" என்றார் கிடங்குப் பொறுப்பாளர் தொக்தோசுன் அண்ணன்.

"அதுக்காக?"

சரக்கேற்றலைக் கவனிக்கும் அனார்குல் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய மாமியார் வீடு தார்-பெல்லில். "பெர்மெட், உன்ன மாதிரி நேர்மையானவ எவ இருக்கா?" என்றாள்.

கேட்க நன்றாக இருந்தது. அதுதான் உறுத்துகிறது.

அக்டோபர் 9
நாளை மறுநாள் உயரத்தில் பனி விழும் என்று காலைச் செய்தியில் சொன்னார்கள். கையில் ரொட்டியோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அர்ச்சாலியில் எனக்கு யாருமே இல்லையென்றால் நேற்று என்ன செய்திருப்பேன்? இரண்டு லாரிகளையாவது கணவாய் வழியாக அனுப்பியிருப்பேன். பனி முதலில் விழுவது அங்கேதான். தார்-பெல்லில் பள்ளிக்கூடம் இடியாமல் நிற்கிறது, நெருக்கியடித்தாவது உள்ளே படுக்கலாம். இதெல்லாம் எனக்குத் தெரியாதா? தெரியும். தங்கச்சிக்கு முதலில் அனுப்பினாள் என்று நாலு பேர் பேசுவார்களே — அந்தப் பயம். அதுக்காக ஒரு ஊரையே... ஐயோ, நான் என்ன பண்ணி வச்சிருக்கேன்?

கூட்டத்தில் எழுந்து இதை அப்படியே சொன்னேன். காதெல்லாம் எரிந்தது.

அனார்குல் வெடித்தாள். "நேத்து நியாயம், இன்னைக்குத் தங்கச்சியா? எங்க ஜனம் குளிர்ல கெடந்து சாகட்டுமா?"

"அவங்களுக்குப் பள்ளிக்கூடம் இருக்கு, அனார்குல். மேல இருக்கறவங்களுக்கு ஒரு கூரைகூட இல்ல."

தொக்தோசுன் அண்ணன் வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதை நேத்தே சொல்லித் தொலைச்சிருக்கலாமேம்மா," என்றார். பிறகு வாசல் பக்கம் திரும்பி டிரைவரைக் கூப்பிட்டார். "சாதிர்குல்! கணவாய் வழியாப் போவியா?"

"நான் போவேன். என் பெண்டாட்டிகிட்ட மட்டும் நீங்களே சொல்லிடுங்க. அவளை நினைச்சாத்தான் பயமா இருக்கு."

குளிர்காலக் கூடாரங்கள், அடுப்புகள், நிலக்கரியோடு இரண்டு லாரிகள் மதியத்துக்குள் கிளம்பின.

அக்டோபர் 10
தகவல் இல்லை. அனார்குல் என்னோடு பேசவில்லை. டீயை மட்டும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள், சர்க்கரை போட்டு.

அக்டோபர் 11
பனி.

மாலையில் சாதிர்குல் ரேடியோவில் வந்தான். பனிக்கு முன்பே கணவாயைக் கடந்துவிட்டார்கள். கூடாரங்கள் எழுந்துவிட்டன, அடுப்புகள் எரிகின்றன. அதற்குள் யாரோ அவனிடமிருந்து ரேடியோவைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

"அக்கா! கூடாரம் சரி, அடுப்பு சரி. மாடு எதைத் திங்கும்? மாட்டை விட்டுட்டு எவனும் கீழ வரமாட்டான். என்னத்தத் திட்டம் போடுறியோ!"

"நீ நல்லா இருக்கியாடி?"

"இருக்கேன். சில பேர் இல்லக்கா."

"வைக்கோல் அனுப்புறேன்," என்று மட்டும் சொன்னேன். தொக்தோசுன் அண்ணன் எல்லாரையும் வெளியே கூட்டிக்கொண்டு போய்விட்டார். அழுதேன்.

அக்டோபர் 14
மண்சரிவை வெட்டி வழி செய்துவிட்டார்கள். வைக்கோல் ஏறியது. அனார்குல் ஒரு சாக்கைக் கொண்டுவந்து லாரியின் முன்பக்கம் திணித்தாள். அவள் வீட்டுக் கம்பளிக் காலுறைகள்.

"உன் தங்கச்சிக்குன்னு நினைச்சுக்காத," என்றாள். "யாருக்குக் குளிருதோ போட்டுக்கட்டும்." பிறகு, முகத்தைத் திருப்பிக்கொண்டு: "எங்க மாமியார் பள்ளிக்கூடத்துல எல்லாரையும் அதட்டிக்கிட்டு இருக்காங்களாம். நல்லாத்தான் இருக்காங்க."

அக்டோபர் 18, அர்ச்சாலி
மருந்து லாரியில் நானும் ஏறி வந்துவிட்டேன். ஜிபெக்கின் கூடாரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஆள் பாதியாகிவிட்டாள், உதடெல்லாம் வெடித்திருக்கிறது. அன்றிலிருந்து இவள் சரியாகக் கண்மூடவில்லை என்றார்கள். என்னைக் கண்டதும், "வைக்கோல் பத்தல," என்று ஆரம்பித்தாள். டீக் கிண்ணத்தைக் கையில் கொடுத்தேன். இரண்டு வாய் குடித்தாள். பேசிக்கொண்டே என் தோளில் சாய்ந்தவள் அப்படியே தூங்கிப்போனாள். கிண்ணத்தை மெல்ல வாங்கிக் கீழே வைத்தேன்.

வெளியே லாரி ஹாரன் அடிக்கிறது. "அக்கா, இதை எங்க இறக்கறது?" என்று சாதிர்குல் கத்துகிறான்.

எங்கேயாவது இறக்கட்டும். நான் அசையப் போவதில்லை.