‘கிடைத்த இடம்: கணினி’ என்று வந்த பதிலைத் திரும்பப் பெறக் கோரும் மனு

அனுப்புநர்
வாசகர் அட்டை எண் 88,
லிப்ட் மெக்கானிக் (ஓய்வு),
சோப்புத் தொழிற்சாலையின் பின்தெரு, மூன்றாம் மாடி.

பெறுநர்
இயக்குநர் அவர்கள்,
பொது நூலகத் துறை.

பொருள்: கேள்வி மேசை நூலகருக்குத் தர வேண்டிய கணினிவழித் தகவல் தேடல் பயிற்சி வேறொருவருக்குத் தரப்பட்டது, அதனால் வந்த தவறான பதில், அதை நம்பி என் மனைவி வேலையை விட்டது, நிவாரணம் கோருதல்.

பார்வை: 1. கேள்விச் சீட்டு எண் 412. 2. வரவேற்பறைச் சுவரில் மாட்டியுள்ள பயிற்சிச் சான்றிதழ்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தங்கள் துறையின் நூலகம் என் கேள்விக்குத் தவறான பதில் கொடுத்தது. அதை நம்பி, இருபத்தாறு ஆண்டுகளாகப் பார்த்துவந்த வேலையை விட்டு விலகுவதாக என் மனைவி எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். இம்மாதம் முப்பதாம் தேதிக்குள் அந்தப் பதிலைத் துறை எழுத்து மூலம் திரும்பப் பெறாவிட்டால் அந்த வேலை அவருக்கு மீண்டும் கிடைக்காது. மற்றவையெல்லாம் இதற்கான விளக்கம்தான்.

2. எங்கள் நூலகத்தில் ஒரு நடைமுறை உண்டு. கேள்வி மேசையில் ஒரு மரப்பெட்டி இருக்கும். வாசகர் தன் கேள்வியைச் சீட்டில் எழுதிப் போட்டால் நூலகர் புத்தகங்களைப் புரட்டிப் பதில் எழுதி வைப்பார். சீட்டில் மூன்று வரிகள்: கேள்வி, பதில், கிடைத்த இடம். மூன்றாவது வரியில் புத்தகத்தின் பெயரும் பக்க எண்ணும் இருக்கும். நான் ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். மீதிப் படிப்பை அந்தப் பெட்டிதான் எனக்குக் கொடுத்தது. லிப்ட் கீழே இறங்கும்போது வயிறு ஏன் மேலே வருகிறது, ஒரு மணிக்கு அறுபது நிமிடம் என்று வைத்தது யார், எறும்பு தூங்குமா என்று முப்பத்தோரு ஆண்டுகளில் 412 சீட்டுகள் போட்டிருக்கிறேன். எல்லாம் பத்திரமாக உள்ளன. எறும்புக்குப் பதில் வரப் பதினோரு நாளானது. “இரண்டு புத்தகங்கள் இரண்டு விதமாகச் சொல்கின்றன. இரண்டின் பக்க எண்ணும் தந்துள்ளேன். படித்துப் பார்த்துத் தாங்களே முடிவு செய்யவும்” என்று அப்போதைய நூலகர் எழுதியிருந்தார். என்னிடம் அப்படி யாரும் அதுவரை சொன்னதில்லை.

3. என் மனைவி சோப்புத் தொழிற்சாலையில் வாசனை பார்ப்பவர். ஒவ்வொரு கலவையையும் முகர்ந்து, சரி அல்லது தவறு என்று சொல்வது அவர் வேலை. மார்ச் மாதம் வந்த காய்ச்சலோடு அவருடைய மோப்பம் போய்விட்டது. “ரோஜாவும் ரப்பரும் எனக்கு இப்ப ஒண்ணுதாங்க” என்று சிரித்தபடி சொன்னார். சிரிப்பு சரியாக வரவில்லை. மருத்துவர் பொறுத்துப் பார்க்கச் சொன்னார். தொழிற்சாலை மூன்று மாதம் விடுப்புக் கொடுத்தது. நான் சீட்டு எண் 412-ஐப் போட்டேன்: ‘காய்ச்சலில் போன மோப்பம் திரும்புமா? அதற்குப் பயிற்சி ஏதும் உண்டா?’

4. இரண்டே நாளில் பதில் வந்தது. அச்சடித்த ஒரு பக்கம்: ‘ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்கு இழந்த மோப்பம் திரும்புவதில்லை.’ சீட்டின் மூன்றாவது வரியில், கிடைத்த இடம்: கணினி. என் மனைவி இரண்டு முறை படித்தார். மடித்துக் கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்தார். மறுநாள் விலகல் கடிதம் கொடுத்துவிட்டு வந்தார். இன்னும் கொஞ்சம் பொறுக்கலாமே என்று கேட்டதற்கு, “லைப்ரரியே சொல்லிடுச்சு, அப்புறம் என்ன?” என்றார். நூலகம் தப்பாகச் சொல்லாது என்று முப்பது வருடமாக வீட்டில் பெருமையடித்தவன் நான்தான்.

5. ‘கணினி’ என்ற அந்த ஒரு சொல் என்னை உறங்க விடவில்லை. ‘கிடைத்த இடம்: அலமாரி’ என்று எழுதினால் யாராவது ஒப்புக்கொள்வார்களா? எங்கள் தொழிலில் பதிவேட்டில் ‘லிப்ட் சரியாகிவிட்டது’ என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். எந்தப் பாகம், எதைப் பார்த்து அப்படி முடிவுக்கு வந்தாய் என்று எழுதியே ஆக வேண்டும். ஆகவே நேரில் போய் நூலகரிடம் கேட்டேன். அவர் முகம் வாடிவிட்டது. “தேடினதும் முதல்ல வந்ததை எடுத்தேன் ஐயா. முதல்ல இருக்கிறதுதானே நம்பகமானது?” என்றார்.

ஐயா, இது அலட்சியத்தில் சொன்னதல்ல. கேள்வி மேசையின் அலமாரியில் மிகவும் நம்பகமான புத்தகத்தை முதல் தட்டில் முதல் இடத்தில் வைப்பது அங்கே வழக்கம். அவரே தினமும் காலையில் அப்படி அடுக்குகிறார். கணினிக்குள்ளும் தன்னைப் போல ஒருவர் உட்கார்ந்து அடுக்கி வைத்திருப்பதாக நினைத்துவிட்டார். அப்படி யாரும் இல்லை என்று அவருக்குச் சொல்ல வேண்டியது தங்கள் துறையின் பொறுப்பு.

இருவரும் சேர்ந்து அந்தப் பக்கத்தை மீண்டும் திறந்து அடிவரை இறங்கிப் பார்த்தோம். அடியில் ஒரு படமும் ‘இப்போதே வாங்குங்கள்’ என்ற பொத்தானும் இருந்தன. மோப்பம் இழந்தவர்களுக்கு எரிவாயுக் கசிவைக் கண்டுபிடித்து ஒலி எழுப்பும் கருவியாம். மோப்பம் திரும்பாது என்றால்தானே அது விற்கும்!

6. வரவேற்பறையில் பயிற்சிச் சான்றிதழ் தொங்குகிறதே, அதை யார் வாங்கியது என்று பார்த்தேன். கட்டடப் பொறுப்பாளரின் பெயர் இருந்தது. குழாயும் விளக்கும் பார்க்கும் அவரை ஏன் அனுப்பினார்கள் என்று அவரிடமே கேட்டேன். “இந்தம்மா எழுந்து போயிட்டா கேள்வி மேசையை யாரு பாக்குறது? சும்மா இருந்தவன் நான்தான், அனுப்பிட்டாங்க” என்றார். நல்ல மனிதர். ஐந்து நாளும் ஒழுங்காகக் குறிப்பு எடுத்திருக்கிறார். எழுதியவர் யார், எப்போது எழுதினார், எதற்காக எழுதினார் என்று பார்க்க வேண்டும், வேறோர் இடத்தில் ஒப்பிட வேண்டும் என்றெல்லாம் அந்த நோட்டில் உள்ளது. யாரும் கேட்கவில்லை என்பதால் அது கருவிப் பெட்டியில், ஸ்பேனருக்கு அடியில் கிடந்தது.

அதே நோட்டில் இன்னொரு வரி: மருத்துவ ஆய்விதழ்களைப் படிக்கத் துறை ஏற்கெனவே சந்தா செலுத்தியுள்ளது, கடவுச்சொல் தலைமை நூலகரிடம் உள்ளது. உண்மைதான், இருந்தது. பீரோவில், முத்திரை உடைக்காத உறையில், பதினான்கு மாதமாக. “தொலைஞ்சுடக் கூடாதேன்னு பத்திரமா வச்சிருந்தேன்” என்றார் தலைமை நூலகர்.

7. உறையைப் பிரித்த பிறகு மூன்று பிற்பகல்கள் நானும் நூலகரும் கட்டடப் பொறுப்பாளரின் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு தேடினோம். இந்த வயதில் எனக்கு அப்படி ஒரு பொழுது கிடைக்கும் என்று நினைக்கவில்லை. முதல் நாள் முழுக்க எலிகளின் மூக்கு. இரண்டாம் நாள் நூலகர் தேடும் சொற்களை மாற்றிப் போட்டார், மனிதர்கள் வந்தார்கள். மூன்றாம் நாள் கிடைத்தது: நான்கு வாசனைகளைக் காலையும் மாலையும் பல மாதம் முகர்ந்து பழகியவர்களில் சிலருக்கு மோப்பம் திரும்பியிருக்கிறது, சிலருக்குத் திரும்பவில்லை. வயதானவர்களுக்குக் கிடையவே கிடையாது என்று கிடைத்த கட்டுரைகளில் எங்கும் இல்லை. தங்களுக்குத் தெரியாதது எது என்பதையும் ஆய்வாளர்களே எழுதியிருந்தார்கள். நூலகர் புதுச் சீட்டு எடுத்து, மூன்று கட்டுரைகளின் பெயர், ஆண்டு, பக்க எண் எல்லாம் எழுதி, அடியில் ‘இரண்டு ஆம் என்கின்றன, ஒன்று போதிய சான்று இல்லை என்கிறது’ என்று சேர்த்தார். எறும்புச் சீட்டு நினைவுக்கு வந்தது.

8. மருத்துவரிடம் காட்டினோம், செய்யலாம் என்றார். “இருபத்தாறு வருஷம் மோந்தவளுக்கு மோந்து பாக்கப் பயிற்சியா?” என்று என் மனைவி நொடித்துக்கொண்டார். ஆனாலும் ஒரு வேளை தவறவில்லை. ஜன்னலோரம் நான்கு பாட்டில்கள். நேற்று இருபத்து மூன்றாம் நாள். எலுமிச்சைப் பாட்டிலை வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். “ஏங்க, இதுல என்னமோ இருக்கு. என்னன்னு தெரியல. ஆனா காலியா இல்ல” என்றார்.

9. அவருடைய விலகல் கடிதம் இன்னும் மேலாளரின் மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது. முப்பதாம் தேதி தலைமை அலுவலகத்துக்கு அனுப்பியாக வேண்டுமாம். கடிதம் எழுதக் காரணமான பதில் தவறு என்று அதைக் கொடுத்த துறையே எழுதித் தந்தால், விலகலை ரத்துச் செய்து விடுப்பை ஆறு மாதம் நீட்டிக்கத் தயார் என்கிறார் மேலாளர். மோப்பம் திரும்பும் என்று துறை உறுதி தர வேண்டியதில்லை. திரும்பாது என்று சொன்னதைத் திரும்பப் பெற்றால் போதும்.

10. நூலகருக்குத் தண்டனை கேட்டு இதை எழுதவில்லை. அவரிடம் விளக்கம் கேட்டு ஒரு தாள் போனாலும் என் அடுத்த மனு அதைப் பற்றியதாக இருக்கும்.

ஆகவே செய்ய வேண்டியவையும், செய்ய வேண்டியவர்களும்:

இயக்குநர் அவர்கள்: முப்பதாம் தேதிக்கு முன் சீட்டு எண் 412-இன் முதல் பதிலை எழுத்து மூலம் திரும்பப் பெறுதல். கேள்வி மேசையில் உட்காருபவர் எவரோ அவரையே பயிற்சிக்கு அனுப்ப ஆணையிடுதல், எல்லா நூலகங்களிலும்.

தலைமை நூலகர்: கடவுச்சொல்லைப் பீரோவிலிருந்து கேள்வி மேசைக்கு மாற்றுதல்.

கட்டடப் பொறுப்பாளர்: நூலகர் பயிற்சிக்குப் போகும் ஐந்து நாளும் கேள்வி மேசையில் உட்காருதல். சம்மதித்துவிட்டார்.

நூலகர்: மூன்றாவது வரியில் ‘கணினி’ என்று இனி எழுதாதிருத்தல்.

என் மனைவி: காலையும் மாலையும் நான்கு பாட்டில்கள்.

நான்: பதில் வரும்வரை தினமும் பத்து மணிக்குக் கேள்வி மேசைக்கு எதிர் நாற்காலியில் இருத்தல்.

மீண்டும் இயக்குநர் அவர்கள்: இம்மனுவைச் சீட்டு எண் 413 ஆகக் கொண்டு, தங்கள் பதிலின் அடியிலும் ‘கிடைத்த இடம்’ என்ற வரியை நிரப்பி அனுப்புதல்.

நாள்: ஜூன் 19
இடம்: நூலக வாசிப்பறை

இப்படிக்கு,
(கையொப்பம்)
வாசகர் அட்டை எண் 88