அப்பாவின் ரம்பமும் என் காதும்

ஜாசின்,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் ராகினிக்கு,

அம்மா எழுதுவது. பினாங்கில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே சுகம் என்று எழுதக் கை வரவில்லை. போனில் மூன்று தடவை வாய்ஸ் மெசேஜ் பேசிப் பேசி அழித்துவிட்டேன். அதனால்தான் காகிதத்தை எடுத்தேன்.

அப்பாவோடு மரம் வெட்டப் போய்வந்த சுப்பன் மாமாவின் காரியத்துக்கு உனக்கு லீவு கிடைக்கவில்லை. பதினாறாம் நாளும் முடிந்துவிட்டது. செர்காமில் கிழட்டு ரப்பர் மரத்தைச் சாய்க்கும்போது, மாமா சத்தமில்லாமல் மரத்தடியில் வந்து நின்றுவிட்டார் என்று அப்பா போலீசில் சொன்னார். நானும் அதையே உனக்குச் சொன்னேன். அது உண்மையில்லை.

உன் அப்பாவுக்குக் காது கேட்காது. நீ போன் செய்தால் என்னிடம் தள்ளிவிடுகிறாரே, உன் கல்யாணச் சண்டையை இன்னும் மனத்தில் வைத்திருக்கிறார் என்று நினைக்கிறாய். கோபமெல்லாம் இல்லை. இருபத்தேழு வருஷம் காதை மூடாமல் செயின்சா பிடித்தவர். இரண்டு வருஷத்துக்கு முன் அந்த ரம்பத்தின் எஞ்சின் எரிந்துபோனது. கடைக்காரர் பிரித்துப் பார்த்துவிட்டு, இது எரிவதற்கு முன் வீல் வீலென்று கத்தியிருக்குமே, கேட்கவில்லையா என்றார். அப்பா சிரித்து மழுப்பினார். அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

வெளியே தெரிந்தால் யாரும் வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள் என்றார். நானும் தலையாட்டினேன். அன்றிலிருந்து ரம்பத்தை டியூன் செய்வது நான்தான். காலையில் வீட்டுக்குப் பின்னால் எஞ்சினைச் சூடாக்கி, கார்பரேட்டர் திருகுகளைத் திருப்புளியால் திருப்புவேன். முழு வேகத்தில் லேசாகக் கரகரக்க வேண்டும். விசிலடித்தால் பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம், பிஸ்டன் வெந்துவிடும். விசையை விட்டால் சங்கிலி நின்று, எஞ்சின் மட்டும் மெதுவாக ஓட வேண்டும். காளிமுத்துவின் ரம்பம் மாதிரி வேறெதுவும் ஓடாது என்று ஊரில் உன் அப்பாவைப் பற்றிப் பேசினார்கள். பெருமைகூடப் பட்டேன், பாவி. ஒருத்தருக்கும் சந்தேகம் வரவில்லை. சுப்பன் மாமாவுக்கும்தான்.

அன்று அவர்களோடு போயிருந்த, லோரி ஓட்டும் யுவனேஸ்வரன் போன வாரம் வந்தான். பாதி அறுத்ததும் அப்பா விசையை விட்டுவிட்டு, மரம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று அண்ணாந்து பார்த்தாராம். அப்போது மரத்தை இழுத்துச் சாய்க்க மாமா பிடித்திருந்த கயிறு அவர் காலிலேயே சுற்றிக்கொண்டது. "நிறுத்துங்கண்ணேன்னு மூணு தடவ கத்துனாரு அக்கா. லோரிக்குள்ள இருந்த எனக்கே கேட்டுச்சு" என்றான். அப்பா மறுபடி வேகம் கொடுத்தார், மரம் மாமா மேலேயே சாய்ந்தது.

அந்த நேரத்தில் எஞ்சின் அவ்வளவு அமைதியாக ஓடியிருக்கும். அன்று காலை அதை அப்படி வைத்தது நான். காதுள்ளவர் யாராயிருந்தாலும் அவருக்குக் கேட்டிருக்கும்.

யாரிடமும் சொல்லாதே என்று யுவனேஸ்வரனைக் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பினேன். மறுநாள் மாமாவின் சம்சாரம் பவானேஸ்வரி வந்தாள். மாமா குடித்துவிட்டுத்தான் அங்கே போய் நின்றார் என்று பேசுகிறார்களாம். "ஒரு வார்த்தகூடவா அவரு கூப்பிடல, அக்கா?" என்று கேட்டாள். தேத்தண்ணி கலக்கி வருகிறேன் என்று நான் உள்ளே போய்விட்டேன்.

வருகிற திங்கட்கிழமை அப்பா பாயா ரும்புட்டில் மரம் வெட்டப் போகிறார். கயிறு பிடிக்க வருவது மாமாவின் தம்பி கோகுலராஜ். அண்ணன் பார்த்த வேலை, நானே வருகிறேன் என்கிறான். நேற்று வேண்டுமென்றே திருகைத் தப்பாகத் திருப்பி ரம்பத்தைக் கொடுத்தேன். பக்கத்து வீட்டுக் கோழிகள் ஓடும்படி வீறிட்டது. அப்பா பிடித்துப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று தலையாட்டினார்.

இனி வேலைக்குப் போக வேண்டாம் என்று நான் எழுதிக் காட்டினால் கிழித்துப் போடுகிறார். நீ நேரில் நின்றால் மறுக்க மாட்டார். சனிக்கிழமைக்குள் வந்துவிடு ராகினி. முதலில் பவானேஸ்வரி வீட்டுக்குப் போவோம். மாமா கூப்பிட்டார் என்று நானே என் வாயால் சொல்கிறேன், நீ பக்கத்தில் இருந்தால் போதும்.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நெடுநாள் வாழ முனியாண்டி துணையிருக்கட்டும். வந்ததும் வாசலில் நின்று அப்பா என்று கூப்பிட்டுக்கொண்டிருக்காதே. உள்ளே வந்து அவர் தோளைத் தொடு.

உன் அம்மா,
சுசீலா