அந்தக் குண்டூசி நான் குத்தியது

அன்பு அண்ணி,

வரும் ஞாயிறோடு நீங்கள் போய் ஒரு வருஷம். ஓசூர் வீட்டு முன்னறையில் உங்கள் வெட்டு மேசை அப்படியேதான் இருக்கிறது. உங்கள் மகள் கீர்த்தனாவும் நானும் அதில்தான் பெங்களூர் கடைக்குக் குழந்தைப் போர்வைகள் வெட்டுகிறோம்.

நேற்று அவள் துணியை மூன்று அடுக்காக விரித்தாள். வெட்டுகிற கோட்டுக்குக் குறுக்கே குண்டூசி குத்திவிட்டு, வட்ட பிளேடு சுழலும் மின்சார கட்டரைக் கையில் எடுத்தாள். ஓடிப்போய் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன்.

“ஏன் அத்த இப்டி பயப்படறீங்க?”

“குறுக்கால குத்தாத கண்ணு. கோட்ட விட்டு உள்ள தள்ளி, கோடு போற வாக்குலயே குத்து. எத்தன குத்தனன்னு எண்ணி வெச்சுக்க. பிளேடு ஊசி மேல ஏறுச்சுன்னா ஒடஞ்சி தெறிக்கும்.”

“அம்மாவுக்கு ஆன மாதிரியா?”

அதற்குமேல் மறைக்க முடியவில்லை அண்ணி. சொல்லிவிட்டேன்.

உங்களுக்கு அடிபட்ட அன்று, இதே மேசையில் ஊசி குத்தியவள் நான். போன் அடித்ததும் பாதியில் எழுந்து போனேன். கோட்டின் மேலேயே ஒன்று குறுக்காக நின்றதைப் பார்க்கவில்லை. என்னை நம்பி நீங்கள் கட்டரைத் தள்ளினீர்கள். உடைந்த முனை உங்கள் வலது கண்ணில் பாய்ந்தது. “யாருடி ஊசிய இப்டி குத்துனது?” என்று என் அம்மா கத்தினார். கண்ணைப் பொத்திக்கொண்டு, “நான்தான் அத்த” என்றீர்கள். பக்கத்தில் நின்ற நான் வாயே திறக்கவில்லை.

அந்தக் கண் மங்கிப்போனது. நீங்கள் பார்த்துவந்த தையல் கம்பெனி வேலையும் போனது. பிறகொரு நாள் நான் பேச்செடுத்தபோது, “உடு சுமதி, வேணும்னா செஞ்ச?” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டீர்கள். நெஞ்சுவலி வந்து நீங்கள் போன பிறகும், “கவனமில்லாம கண்ணக் கெடுத்துக்கிட்டா” என்றுதான் அம்மா எல்லாரிடமும் சொல்கிறார். எப்படித் தாங்கினீர்கள் அண்ணி?

இதைக் கேட்டதும் கீர்த்தனா கட்டரை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். இன்று காலை காபி கொண்டுவந்து வைத்துவிட்டு ஒன்றுதான் கேட்டாள். “பாட்டிக்கு எப்ப சொல்வீங்க?”

ஞாயிற்றுக்கிழமை உங்களுக்குப் படைக்க உறவெல்லாம் வரும். இலை போடுவதற்கு முன், எல்லார் எதிரிலும் அம்மாவிடம் சொல்லிவிடுகிறேன். இந்த முறை பின்வாங்க மாட்டேன்.

உங்கள் பெயரில் இத்தனை நாள் ஒளிந்திருந்த நாத்தனார்,
சுமதி