பொம்பிளைக்கு ஆர் பிணை நிக்கிறது?

மச்சாள்,

முதலிலை பேரப்பிள்ளையளின்ரை சங்கதியைச் சொல்லிப்போடுறன். இல்லாட்டில் நீ என்னை மேலை கதைக்க விடமாட்டாய். மூத்தவன் ரொறன்ரோவிலை பாலம் கட்டுற கொம்பனியிலை எஞ்சினியர், இப்ப வீடும் வாங்கிப்போட்டான். அடுத்தவள் மதுரா, நீ தோளிலை வைச்சுக் கடல் காட்டினவள், கம்பஸிலை சட்டம் படிக்கிறாள், கடைசி வருசம். அவளுக்கு இளையவனுக்கு ஓஎல்லிலை எல்லாப் பாடமும் ஏ. பள்ளிக்கூட வாசலிலை அவன்ரை படம் போட்டுப் பதாகை கட்டினவை. கடைக்குட்டி ஓட்டத்திலை மாகாணத்துக்கே முதலாவதாய் வந்தாள். அஞ்சாம் வகுப்போடை படிப்பை விட்டு வலை பொத்தப் போன என்ரை வயித்துக் கொடியடி இது. ஆர் கேட்டாலும், கேளாட்டிலும் சொல்லுவன்.

ஆனால் இண்டைக்கு விடிய இதே வரிசையை எனக்கு முன்னாலை நிண்டு ஒப்புவிச்சது என்ரை மோன். பெருமையிலை சொல்லேல்லை. என்னை மறிக்கச் சொன்னவன்.

அலுமாரியைத் திறந்து அந்த நாவல் நிறச் சீலையை எடுத்தனான். பூச்சிக்குப் போடுற வெள்ளை உருண்டையின்ரை மணம் மூக்கிலை ஏறின உடனை நீ வந்து நிண்டாய். உனக்குப் பிணை நிக்க நான் கோட்டுக்கு உடுத்துப்போன சீலை அது. அதுக்குப் பிறகு எந்த நல்லது கெட்டதுக்கும் எடுக்கேல்லை. விரிச்சுப் பாத்து, உதறி, உடுத்தன்.

“எணை அம்மா, எங்கை வெளிக்கிடுறியள்?”

“கோட்டுக்கு.”

“உவள் நிரோஜாவுக்கோ?”

“ஓம், உவளுக்குத்தான்.”

நிரோஜாவை உனக்குத் தெரியாது. நீ போனாப் பிறகு எங்கடை ஒழுங்கைக்கு, ரெண்டு வீடு தள்ளி, வாழ வந்த பெட்டை. புருசன் கடல்தொழில், குடி. அடிப்பான். அவள் குழறுறது முழு ஒழுங்கைக்கும் கேக்கும். “புருசன் பெண்சாதி சண்டை, நாங்கள் ஏன் இடையிலை போறது” எண்டு எல்லாரும் றேடியோவைக் கூட்டி வைப்பினம். போன கிழமை அவன் பிள்ளைக்குக் கை நீட்டிப்போட்டான். பால்பல்லு விழாத பிள்ளை. அடுத்தநாள் விடிய அவள் மீன் வெட்டுற கத்தியோடை கரைக்குப் போய், வாடிக் கொட்டிலடியிலை காயப்போட்டிருந்த அவன்ரை வலையைத் தாறுமாறாய் வெட்டிப்போட்டாள். அது அவனும் இன்னும் ரெண்டு பேரும் பங்குக்குப் போட்ட வலை.

எங்கடை கரையிலை பொம்பிளை வலையைத் தாண்டி நடந்தாலே தரித்திரம் எண்டுவினம். வெட்டினவளை விடுவினமோ? அவளின்ரை பல்லு உடைஞ்சு விழுந்த நேரம் எட்டிப் பாக்காத கரை, வலை கிழிஞ்ச உடனை திரண்டு பொலிசுக்குப் போனது. பெட்டை மறியலிலை, கம்பிக்குப் பின்னாலை. நீதவான் பிணை குடுத்திட்டார், ரெண்டு பேர் கையெழுத்து வைக்கவேணும். ஒருத்தரும் போகேல்லை. பிள்ளை இப்ப அடிச்சவனோடை இருக்குது.

இதுதான் சங்கதி. இதுக்குத்தான் என்ரை மோன் வாசலிலை நிண்டு, “மதுராவுக்குக் கலியாணம் பேசுற நேரம் அம்மா. ரொறன்ரோவிலை ஒருத்தன் எஞ்சினியர், இங்கை ஒருத்தன் முழு ஏ, இவ்வளவு நல்ல பேர் எடுத்த வீடு. மறியல்காரிக்குப் போய்ப் பிணை நிண்டு கரி பூசப்போறியளோ?” எண்டான்.

“எடேய், உன்ரை அப்பர் மறியலுக்குப் போய் வந்த அண்டைக்கு ஆரடா கரி பூசினது? வெடியெல்லோ கொளுத்தினவங்கள்.”

“அது வேறை.”

“என்ன வேறை?”

அவன் வாசல் நிலையிலை கையை வைச்சு மறிச்சான். அவனுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். நீயும் நானும் கதைச்சால் விளங்கும்.

இடம்பெயர்ந்து திரும்பி வந்து, பத்தை வெட்டிக் கரையைக் கண்டு, வள்ளங்கள் மறுபடி இறங்கின காலம் அது. விடிய மீன் வரும். கூறியான் மணலிலை கொட்டி ஏலம் கூறுவான். முன் வட்டத்திலை மோட்டச்சைக்கிளும் ஐஸ் பெட்டியுமாய் ஆம்பிளை யாவாரியள். பின் வட்டத்திலை ஓலைக் கடகத்தோடை மீன் விக்கிற நீயும் மற்றப் பொம்பிளையளும். அவங்கள் பாத்து ஒதுக்கினதைத்தான் நீங்கள் கேக்கலாம். எந்தச் சட்டத்திலையும் இல்லை, ஆனால் எல்லாரும் அப்பிடித்தான் நிப்பினம். ஒருநாள் நீ முன் வட்டத்துக்கு வந்து நிண்டு விலை கேட்டாய். பெரிய யாவாரி ஒருத்தன் உன்ரை கடகத்தைக் காலாலை உதைஞ்சு, “பின்னுக்கு நில்லடி” எண்டான்.

நீ குனிஞ்சு, மணலிலை கிடந்த திருக்கையை வாலிலை பிடிச்சுத் தூக்கி அவன்ரை கன்னத்திலை போட்டாய்.

கூறியான் பழக்கதோசத்திலை “ஒருதரம்” எண்டிட்டான். நீ ரெண்டாந்தரமும் போட்டாய்.

அதுக்குப் பிறகுதான் உன்ரை அண்ணை, என்ரை மனுசன், துடுப்பைத் தூக்கிக்கொண்டு பாஞ்சது. யாவாரிக்குக் கை முறிஞ்சது அந்தத் துடுப்பாலை. திருக்கையாலை அவனுக்கு முறிஞ்சது மரியாதை மட்டும்தான். பொலிஸ் அண்ணை தங்கச்சி ரெண்டு பேரையும் கொண்டு போனது, ரெண்டு பேரையும் மறியலிலை போட்டது. அடுத்த கோட்டுத் தவணையிலை ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரிப் பிணை. நான் பின் வாங்கிலை இருந்து கேட்டுக்கொண்டிருந்தனான். அந்த நீதவான் உன்ரை அண்ணைக்குச் சொன்னது, “கோவத்தைக் கட்டுப்படுத்தப் பழகும்.” உனக்குச் சொன்னது, “நீர் ஒரு பொம்பிளை, ஒரு தாய். வெக்கமாய் இல்லையோ?” துடுப்புக்குக் கோவம் எண்டு பேர். திருக்கைக்கு வெக்கம்கெட்டதனம் எண்டு பேர். நீ என்ன செய்தாய்? தலை குனிஞ்சிருந்தால் முடிஞ்சுபோயிருக்கும். “கடகத்தை உதைஞ்சவனுக்கு வெக்கம் இல்லையோ ஐயா?” எண்டு கேட்டாய். சட்டத்தரணி தலையிலை கையை வைச்சார்.

உன்ரை அண்ணைக்குப் பிணை நிக்க, கடல்தொழிலாளர் சங்கத் தலைவர் வெள்ளை வேட்டியோடை ஆக்களைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். நான் முந்தி, நீ முந்தி எண்டு கையெழுத்துக்கு அடிபட்டவங்கள். ஒழுங்கைமுகப்பிலை வெடி. சந்தியிலை தேங்காய் உடைச்சவை. உனக்கு ஒருத்தரும் வரேல்லை. நீ மறுபடி மறியல் வண்டியிலை ஏறினாய்.

வீட்டை வந்து உன்ரை அண்ணைக்குச் சோறு போட்டுக்கொண்டு கேட்டன், “தங்கச்சிக்கு ஆர் பிணை நிக்கிறது?”

“கிடக்கட்டும். கொஞ்சம் அடங்கி வரட்டும்.”

அகப்பையைப் பானைக்குள்ளை விட்டிட்டு வெளிக்கிட்டன். ஊர் விதானையாரிட்டை, பிணை நிக்க வேண்டிய வதிவிடக் கடிதத்துக்குப் போனால், “ஏன், அண்ணை வரேல்லையோ?” எண்டார். “அண்ணை சாப்பிடுறார்” எண்டன்.

மற்றப் பிணையாளை நான் தேடேல்லை. அவ தானாய் வந்தா. நீ கடகத்திலை மீன் கொண்டுபோற உரும்பிராய் வெங்காயத் தோட்டக்கார மனுசி. உன்னைக் காணேல்லை எண்டு பஸ் ஏறிக் கரைக்கே தேடி வந்திட்டா. நடந்ததைக் கேட்டுப்போட்டு, வெத்திலையைத் துப்பிப்போட்டு, “எங்கை அந்தக் கோடு?” எண்டா. கோட்டிலை கேட்டவை, “உமக்கும் இவவுக்கும் என்ன உறவு?”

“இவ மீன் விக்கிறவ ஐயா. நான் வாங்கிறனான்.”

“அதுக்குப் பிணை நிப்பீரோ?”

“ஒருநாளும் பழுதான மீன் தந்ததில்லை ஐயா. இவ ஓடமாட்டா.”

முழுக் கோடும் சிரிச்சது. நீயும் சிரிச்சாய்.

வெளியிலை வந்து பிளேன்ரீ குடிக்கேக்கை சொன்னாய், “மச்சாள், மறியலுக்குள்ளை ஆம்பிளையளுக்குப் பெரிய கட்டடம், எங்களுக்கு ஒரு சின்ன மூலை. நாங்கள் அவ்வளவு நல்லவையளோ எண்டு யோசிச்சன். பேந்துதான் விளங்கினது, எங்களை வீட்டுக்கையே பூட்டி வைச்சிருக்கினமெல்லோ, பிறகென்னத்துக்கு வேறை கட்டடம்?”

உன்ரை அண்ணையின்ரை மறியல் கதை கலியாண வீடு செத்த வீடு எல்லாத்திலையும் ஓடினது. ஒவ்வொருக்காலும் துடுப்பு ஒரு முழம் நீண்டது. உன்ரை கதையைக் குசினிக்குள்ளை குசுகுசுத்தவை. உன்ரை மோளுக்குப் பேசின கலியாணம் “தாய் மறியலுக்குப் போனவளாம்” எண்டு நிண்டுபோனது. அண்டைக்குக் கிணத்தடியிலை நீ அழுதாய், அதுவும் என்ரை மடியிலை மட்டும். “ஒரே குற்றம். அண்ணைக்கு ஒரு தண்டனை, எனக்கு ரெண்டு. ரெண்டாவதுக்குத் தவணையும் இல்லை, பிணையும் இல்லை” எண்டாய்.

இப்ப மதுரா வந்தால் எனக்குப் பக்கத்திலை படுத்துக்கொண்டு படிச்சதைச் சொல்லுவாள்.

“அப்பம்மா, எந்த நாட்டிலை பாத்தாலும் மறியலிலை பொம்பிளையள் குறைவு. ஏன் சொல்லுங்கோ பாப்பம்?”

“நாங்கள் நல்லவையள்.”

“முந்தி அப்பிடித்தான் சொன்னவை, பொம்பிளையின்ரை உடம்புவாகு, மனவாகு எண்டு. பிறகு சமூகத்தைப் பாக்கத் தொடங்கினவை. பெடியனுக்குச் சந்தி, மதவடி, கடற்கரை. பெட்டைக்கு விளக்கு வைக்க முதல் வீடு. தேப்பன், அண்ணை, புருசன், ஊர்வாய், எல்லாம் காவல். பிழை செய்யிறதெண்டாலும் முதலிலை வெளியிலை நிக்கவேணுமே. பெடியனுக்கு எண்டால் அடிச்சுக் காட்டினாத்தான் ஆம்பிளை எண்டு நாங்களே சொல்லி வளக்கிறம்.”

“கோட்டிலை பொம்பிளையளுக்கு இரங்குவினம் எண்டு சொல்லுறவை, அது மெய்யோ?”

“அதுவும் ஒரு கருத்து. நீங்கள் என்ன சொல்லுறியள்?”

“அழுதால் இரங்குவினம். தலை குனிஞ்சு, பக்கத்திலை புருசனும் நிண்டால் இரங்குவினம். நிமிந்து கேட்டவளுக்கு இரங்கினதை நான் காணேல்லை.”

“அதையும் எழுதியிருக்கினம் அப்பம்மா. சட்டத்தை மீறினது ஒண்டு, பொம்பிளை எண்டதை மீறினது இன்னொண்டு, ரெண்டுக்கும் சேத்துத் தீர்ப்பு எண்டு.”

நான் எழும்பி இருந்திட்டன். உன்ரை சொல்லடி அது. எங்கையோ ஆரோ முகம் தெரியாத ஆக்கள் ஆராய்ஞ்சு எழுதினதும், எங்கடை கிணத்தடியிலை நீ அழுது சொன்னதும் ஒண்டாய் வந்து நிக்குது. அண்டைக்கு அதைச் சொல்லித்தர ஒருத்தி இருந்திருந்தால், நீ உன்ரை தலைவிதி எண்டு அழுதிருக்கமாட்டாய். என்ரை பேத்தி இருக்கிறாள் இப்ப, சொல்லுறதுக்கு.

சரி, இண்டைய கதைக்கு வாறன். மோன் வாசலை மறிச்சு நிக்க, நான் செருப்பைப் போட்டுக்கொண்டு அவனுக்கு முன்னாலை போய் நிண்டன். பின்னாலை குரல்.

“மாமி, கொஞ்சம் நில்லுங்கோ. நானும் வாறன்.”

மருமோள். பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்கப் போகக் கட்டின சீலையோடை, கையிலை விதானையாரின்ரை கடிதம். எனக்குச் சொல்லாமல் நேற்றே எடுத்து வைச்சிருக்கிறாள். அரசாங்க உத்தியோகக்காரி, அவளின்ரை கையெழுத்தைக் கோடு தட்டாது.

“நீயுமோ?” எண்டான் என்ரை மோன். “உன்ரை மோளின்ரை கலியாணமெல்லோ?”

“இதுக்காக நிக்கிற கலியாணம் எண்டால் நிக்கட்டுமப்பா. நாளைக்கு எங்கடை பிள்ளைக்கு அடி விழுந்தால் எட்டிப் பாக்கிற ஒழுங்கையாய் ஒரு இடம் பாருங்கோ.”

அவன் விலகினான். வழி விட்டானோ, வெறுத்து விட்டானோ தெரியாது. நான் திரும்பிப் பாக்கேல்லை.

கோட்டு வளவுக்குள்ளை வலையின்ரை மற்றப் பங்காளியள் நிண்டவங்கள். “ஆச்சிக்கு வயசு போன நேரம் விசர்” எண்டு ஒருத்தன். “ஓமடா மோனை, உன்ரை அம்மாவுக்கும் இந்த விசர் இருந்திருந்தால் நீ நல்லாய் வளந்திருப்பாய்” எண்டன். மருமோள் சிரிப்பை அடக்க லேஞ்சியை வாயிலை வைச்சாள்.

உள்ளை கேட்டவை, “என்ன உறவு?”

“ஒரே ஒழுங்கை ஐயா. இவள் குழறுறது எங்கடை குசினிக்குக் கேக்கும்.”

ஒருத்தரும் சிரிக்கேல்லை. நீதவான் பேனையைக் கீழை வைச்சுப்போட்டு, “எவ்வளவு காலமாய்?” எண்டு கேட்டார். அந்தக் கேள்வியை அவளிட்டை அதுவரை ஆரும் கேக்கேல்லை. அவள் சொன்னாள். வலை வழக்கு வழக்காய் நடக்கும், அதை அவள் பாக்கத்தான் வேணும். ஆனால் அவன் அடிச்சதுக்கும் முறைப்பாடு எடுக்கச் சொல்லியாச்சு. மத்தியானத்துக்குப் பிறகு பொம்பிளைப் பொலிஸ் ஒருத்தி போய்ப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து தாயின்ரை கையிலை குடுத்தாள். பிள்ளை தாயின்ரை கழுத்தை விட்டுக் கையெடுக்கேல்லை.

ஓட்டோவிலை வரேக்கை நிரோஜா கேட்டாள், “ஆச்சி, நீங்கள் ஏன் எனக்கு வந்தனீங்கள்?”

உன்ரை கதையைச் சொன்னன். குசுகுசுக்கேல்லை. ஓட்டோக்காரனுக்கும் கேக்கச் சத்தமாய்ச் சொன்னன். கூறியான் “ஒருதரம்” எண்ட இடத்திலை பெட்டை பல்லு விழுந்த வாயோடை சிரிச்சாள். எங்கடை கரையிலை உன்ரை கதை ஒரு வெளியாளின்ரை முகத்தைப் பாத்துச் சொல்லப்பட்டது இண்டைக்குத்தான்.

வீட்டை வந்து சீலை மாத்த முதல் லண்டனுக்கு, உன்ரை மோளுக்கு, ரெலிபோன் எடுத்தன். அவள் வருசாவருசம் பேப்பரிலை உனக்கு நினைவஞ்சலி போடுறாள். ஆரின்ரையோ கலியாண வீட்டு மூலையிலை நீ தலைகுனிஞ்சு நிண்ட படத்தை வெட்டி எடுத்து, கீழை “அடக்கத்தின் உருவமே, பொறுமையின் சிகரமே” எண்டு எழுதி. அவளிலை எனக்குக் கோவமில்லை. நிண்டுபோன கலியாணத்தைச் சுமந்துகொண்டு போனவள். ஆனால் இண்டைக்குக் கேட்டன், “பிள்ளை, உந்தப் படத்திலை நிக்கிறவ ஆர்? எனக்கு உவவைத் தெரியாது.”

என்னட்டை ஒரு படம் கிடக்கு. நீ பிணையிலை வந்த அண்டைக்கு உரும்பிராய் மனுசியின்ரை மோன் கோட்டு வாசலிலை எடுத்தது. ரெண்டு பக்கமும் நாங்கள், நடுவிலை நீ, கொண்டை அவிண்டு, வாய் பிளந்து எதையோ கத்திக்கொண்டு. மருமோளைக் கொண்டு அதை ரெலிபோனிலை அனுப்பிப்போட்டுச் சொன்னன், “இந்த வருசம் புதுப் படம் போடு. இதைப் போடு.”

“ஆக்கள் எங்கை எடுத்ததெண்டு கேட்டால் என்ன மாமி சொல்லுறது?”

“எங்கை எடுத்ததெண்டு சொல்லு.”

யோசிச்சுச் சொல்லுறாளாம்.

உன்ரை திவசத்துக்கு இன்னும் நாள் கிடக்கு மச்சாள். நீ அவளின்ரை கனவிலை போய் ஒரு சத்தம் போடு. நான் இங்கையிருந்து ஒவ்வொரு நாளும் ரெலிபோன் எடுக்கிறன். படம் மாறுமட்டும் ரெண்டு பேரும் விடுறேல்லை.