சுக்கு புதைத்த இடம்

திருவாதவூர்,
புதன்கிழமை.

அஸ்வினி அப்பாவுக்கு சுபலட்சுமி அன்போடு எழுதுவது.

நானும் பிள்ளையும் சுகம். எங்களுக்கு முன்னால் நீங்கள் விசாரிக்கிற உங்கள் நாய் சுக்கும் சுகம். போன வாரம் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ரேபிஸ் ஊசி போட்டுவிட்டேன். பூச்சி மாத்திரையை வெல்லத்துக்குள் வைத்துக் கொடுத்தால் வெல்லத்தை மட்டும் நக்கிவிட்டு மாத்திரையைத் துப்புகிறான். உங்கள் வளர்ப்பு அல்லவா! காதில் உண்ணி இல்லை. கோழிக்கழுத்தை உப்பில்லாமல் வேகவைத்துச் சோற்றோடு பிசைந்துதான் வைக்கிறேன். உங்களுக்குச் சமைத்தபோதுகூட உப்பைப் பற்றி இவ்வளவு யோசித்ததில்லை.

இதையெல்லாம் போனில் சொன்னால் ஆகாதா என்பீர்கள். முந்தாநாள் பக்கத்து வீட்டுப் பாண்டியம்மாள் அக்கா போனில் கூப்பிட்டேன். "என் தம்பியப் பத்திக் கோள் சொல்லத்தான் கூப்பிட்டியா" என்று பாதியிலேயே வைத்துவிட்டீர்கள். மறுபடி கூப்பிட்டால் எடுக்கவில்லை. என் போன் உங்கள் தம்பி முத்துக்குமரனிடம் இருக்கிறது. ரிப்பேர் பார்த்துத் தருவதாக வாங்கிப் போனவர் இன்னும் தந்தபாடில்லை. அவருடைய போனில் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே நிற்கிறார். அப்படி நின்றால் நான் உங்களிடம் என்னத்தைப் பேசுவது? சிம்மக்கல் ஆசிப் அண்ணன் லீவு முடிந்து நாளை உங்கள் குவைத் கம்பெனிக்கே திரும்புகிறார். மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுக்குப் போய் இதை அவர் கையில் கொடுத்துவிடுவேன். காகிதத்தையாவது முழுசாகப் படியுங்கள்.

விஷயம் இதுதான். கண்மாய்க்கரையில் போட்ட கடலையைப் பன்றிகள் ஏர் பூட்டி உழுததுபோல் உழுதுபோட்டுவிட்டன. தம்பி பட்ட பாட்டை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். தகரத்தைத் தட்டித் தட்டி அவர் கை காய்த்துப் போனது. அதற்காக இப்போது அவுட்டுக்காய் வைக்க ஆரம்பித்திருக்கிறார். தீனிக்குள் வெடியை மறைத்துக் கரையோரம் போட்டு வைப்பது. கடித்தால் பன்றியின் வாய் சிதறிவிடும். கடிக்கிறது பன்றிதானா என்று வெடிக்குத் தெரியுமா? பாண்டியம்மாள் அக்கா வளர்த்த கருப்பு நாய் தாடையில்லாமல் வீடு வந்து சேர்ந்தது. தண்ணீர்ச் சட்டிக்குப் பக்கத்தில் போய், குடிக்க வழியில்லாமல் நின்றுகொண்டே இருந்தது. அந்த நாயை நான் போனில் படம் எடுத்தேன். மறுநாள்தான் தம்பி என் போனுக்கு ரிப்பேர் கண்டுபிடித்தார்.

நம் சுக்கு எதையும் கடிக்கமாட்டான். என் பயமே அதுதான். போன லீவில் அவனுக்கு என்ன பழக்கினீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். பல் படாமல் தூக்கி வரப் பழக்கினீர்கள். முதலில் பந்து, அப்புறம் எலுமிச்சம்பழம், கடைசியில் கோழிமுட்டை. முட்டையை உடையாமல் கொண்டுவந்து அஸ்வினி கையில் வைத்தபோது தெருவையே கூப்பிட்டுக் காட்டினீர்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. இப்போதும் உருண்டையாக எதைக் கண்டாலும் கவ்விக்கொண்டு அவளிடம்தான் ஓடுகிறான். அவள் இல்லையென்றால் மண்ணில் புதைத்து வைத்து, அவள் வந்ததும் தோண்டி எடுத்து வருகிறான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கட்டை அவிழ்த்துக்கொண்டு கண்மாய்ப் பக்கம் ஓடினான். திரும்பி வரும்போது வாயில் எதையோ வைத்திருந்தான். நான் கொல்லையில் துணி அலசிக்கொண்டிருந்தேன். எழுந்து வருவதற்குள் முருங்கைமரத்தடியில் புதைத்து, மூக்கால் மண்ணைத் தள்ளி மூடிவிட்டான். அஸ்வினி சொப்பு வைத்து விளையாடுகிற இடம். அந்நேரம் அவள் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். அந்த மீனாட்சி அம்மன்தான் தூங்க வைத்தாள் என்று நினைக்கிறேன்.

தம்பியிடம் சொன்னேன். "ஆட்டெலும்பா இருக்கும் மதினி, இதுக்குப் போயி இம்புட்டுப் பயப்படுறீங்க" என்று சிரித்தார். சிரித்துவிட்டுத் தொழுவத்துக்குப் போனவர், முருங்கைமரத்தை விட்டு விலகி வேலியோரமாகச் சுற்றிப் போனார். விவரம் தெரிந்த நாளிலிருந்து அவர் நேரே நடந்த பாதை அது. அன்றிலிருந்து சுற்றித்தான் போகிறார். அதற்குமேல் எனக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

பிள்ளையை அன்றைக்கே மேலூரில் என் அம்மாவிடம் விட்டுவிட்டேன். இங்கே கேட்டவர்களிடம் சளி என்று சொல்லியிருக்கிறேன். கிளறிவிடும் என்று கோழிகளை அடைத்துப் போட்டிருக்கிறேன். தள்ளி நின்று அந்த இடத்தைச் சுற்றி முள்ளை வெட்டிப் போட்டேன். சுக்கைத் தூணில் கட்டியிருக்கிறேன். கழுத்து அறுபடாமல் தோல்பட்டை போட்டு, நிழலில், தண்ணீர் வைத்துத்தான் கட்டியிருக்கிறேன், அதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். ஆனால் நாள் முழுக்க முருங்கைமரத்தைப் பார்த்து முனகிக்கொண்டு சங்கிலியை இழுக்கிறான். எடுத்துப் பிள்ளை கையில் கொடுக்க வேண்டுமாம். அவனைத் திட்டவும் மனசு வரவில்லை.

ஸ்டேஷனுக்குப் போயிருக்கலாம். போனால் தம்பி ஜெயிலுக்குப் போவார், அப்புறம் நான் உங்கள் முகத்தில் எப்படி விழிப்பது? அந்தப் பயத்திலேயே இத்தனை நாளை ஓட்டிவிட்டேன். தப்புதான். வெள்ளிக்கிழமை ஆசிப் அண்ணன் உங்கள் ரூமுக்கு வந்துவிடுவார். படித்த உடனே தம்பியைக் கூப்பிடுங்கள். அவரே போய் ஸ்டேஷனில் சொல்லி, வெடி எடுக்கத் தெரிந்த ஆட்களை வரவழைக்கட்டும். கரையில் போட்டிருக்கும் மற்றதையும் அவர்களிடமே காட்டிவிடட்டும். இல்லையென்றால் சனிக்கிழமை காலையில் நான் போவேன். உங்களைக் கேட்காமல் நான் ஒரு காரியமும் செய்ததில்லை. இதைச் செய்வேன்.

அவர் உங்களிடமும் எலும்பு என்றுதான் சாதிப்பார். உங்களுக்குக் கோபம் வரும். எவ்வளவு வந்தாலும் சரி, அப்படியானால் தோண்டிக் காட்டு என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ரோஷக்காரர். அண்ணன் வாயால் கேட்டால் தோண்டிவிடுவார்.

எல்லோரும் முழுசாக இருக்கும்போதே உங்கள் குரல் கேட்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு,

உங்கள்
சுபலட்சுமி