முத்துமாரியக்கா காட்டு வைரஸ்

செப். 9, செவ்வாய்
காலையிலேயே வெக்கை. பாளையம்பட்டியில் பஸ் ஏறி, காரியாபட்டி வரை நின்றபடி. மதுரை லேப் போய்ச் சேர மணி பத்து.

சீக்வென்சிங் ரிசல்ட் வந்துவிட்டது! திருச்சுழிப் பக்கம் முத்துமாரியக்காவின் உளுந்துக்காட்டு மண்ணில் பிரித்தெடுத்த வைரஸ். மரபணுவில் நாற்பதாயிரத்துச் சொச்சம் எழுத்து, இடையில் ஒன்றும் விட்டுப்போகாமல். மனுஷரை ஒன்றும் செய்யாது. உளுந்து வேரில் முடிச்சுக் கட்டி, செடிக்குத் தழைச்சத்துக் கொடுக்கும் பாக்டீரியாவை மட்டும் கொல்லும்.

போன வருஷம் அந்த பாக்டீரியா பொட்டலத்தை அக்காவுக்குக் கொடுத்தது எங்கள் லேப். விதையில் கலந்து விதைத்தார். செடியெல்லாம் மஞ்சள், வேரில் முடிச்சே இல்லை. “பொட்டலத்த வெயில்ல வச்சிருப்பீங்கக்கா, பாக்டீரியா செத்திருக்கும்” என்று சொன்னது நான். அவர் வீட்டுக்காரர் என் முன்னாலேயே, “படிச்சவுக சொல்றாகல்ல. எதுலதான் ஒனக்குக் கவனம்?”

இப்போது தெரிகிறது, வெயில் இல்லை, வைரஸ்.

செப். 15, திங்கள்
சோப்பு, அம்மா மாத்திரை. மறக்கக் கூடாது.
போன வாரம் பஸ்ஸில் ஒரு சந்தேகம். மண்ணுக்கு வைரஸ் எங்கிருந்து வந்தது? அக்கா பொட்டலத்தோடு சேர்த்துத் தயாரித்த பொட்டலம் ஒன்று லேப் ஃப்ரிட்ஜில் இருக்கிறது, வெளியே போகாதது. பிரித்துப் பார்த்தேன். மூன்று நாள் பாக்டீரியா வளர்த்த தட்டில், அது செத்த இடமெல்லாம் ஓட்டை ஓட்டையாக. இதிலும் வைரஸ். யாரிடமும் சொல்லவில்லை. சீக்வென்சிங்குக்கு அனுப்பியாச்சு.

செப். 22, திங்கள்
இரண்டு வைரஸின் எழுத்து வரிசையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மூன்றே எழுத்து வித்தியாசம். ஒரே வைரஸ். பொட்டலத்தோடு நாங்கள்தான் அனுப்பியிருக்கிறோம்.

லேப் பொறுப்பு மேடத்திடம் காட்டினேன். “இந்த வருஷப் பொட்டலத்த நிறுத்திரு. கேட்டா ஸ்டாக் இல்லன்னு சொல்லு.”
“அந்த அக்காகிட்ட, மேடம்?”
“இப்ப எதுக்கும்மா?”
சரி என்று வந்துவிட்டேன்.

சொல்லாவிட்டால்: யாருக்கும் தெரியாது.
சொன்னால்: அந்த ஊரில் இனி எங்கள் பேச்சை யார் கேட்பார்கள்? மேடம் என்ன செய்வார்?

செப். 28, ஞாயிறு
மேகம். மழை இல்லை. சொல்லிவிடுவது என்று திருச்சுழி பஸ் ஏறினேன்.
அக்கா முற்றத்தில் விதை உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். லேப்பில் தப்பு நடந்துவிட்டது, பொட்டலத்திலேயே கிருமி என்றேன்.
“அப்ப வெயிலு இல்லையா?”
“இல்லக்கா.”
“வீட்டுக்குள்ள, ஈரச்சாக்கு போட்டுல்ல வச்சிருந்தேன்.” சுளகைக் கீழே வைத்தார். உள்ளே பார்த்து, “இங்க வாங்க. பிள்ள, இப்பச் சொன்னத அவுகட்டச் சொல்லு.”
வீட்டுக்காரர் வந்ததும் மறுபடி சொன்னேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “சரி, விடு” என்றார்.
அக்கா விடவில்லை. பக்கத்து வீட்டு அம்மாவையும் கூப்பிட்டார். “இவுகளுக்கும் சொல்லு.”
மூன்றாவது தடவைதான், “வெயில்னு நான் சொன்னது தப்புக்கா” என்று வந்தது. அதுவரை லேப், லேப் என்றே சொல்லியிருக்கிறேன்.
“ம்” என்று அக்கா சுளகைக் கையில் எடுத்தார்.